தபால் பை: 15ஆம் தேதி

குடும்பத் தலைவிகள் கணக்கில் அரசு மாதாமாதம் 15ஆம் தேதி போடுகிற மகளிர் உரிமைத் தொகையை ஆதரித்துப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே பை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: பண்ருட்டிக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஊர்களில் 41 வருஷம் சைக்கிளில் தபால் கொண்டு போனவன் நான். முதியோர் பணத்தை மணியார்டராக வீட்டு வாசலில் எண்ணிக் கொடுத்த கை இது. நான் சொல்வதெல்லாம் அந்த வாசல்களில் பார்த்தது.

கேள்வி: மாதாமாதம் 1,000 ரூபாயைச் சும்மா கொடுத்தால் ஜனங்கள் உழைப்பதை விட்டுவிட மாட்டார்களா? எங்கள் தோப்பில் களை எடுக்கவே ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பணமும் கடைசியில் டாஸ்மாக்குக்குத்தானே போகிறது? நீங்கள் எப்படி ஆதரிக்கிறீர்கள்?
(மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

அய்யா, நீங்கள் கேட்டதையே எங்கள் டீக்கடையிலும் கேட்கிறார்கள். பொதுவாகப் பேசினால் இது முடியாது. ஒரு வீட்டைக் காட்டுகிறேன்.

ஊர் முறைக்கு எனக்கு மருமகள் ஆகவேண்டும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லித்தான் எழுதச் சம்மதித்தாள். வயது நாற்பதுக்குள். புருஷன் பலா மரம் ஏறுவான், முந்திரி பொறுக்குவான், எந்த வேலை கிடைத்தாலும் போவான். இவள் வீட்டுத் திண்ணையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். உடைத்த பருப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து போகும் என்று விரலில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவாள். அப்படியும் பத்து விரலும் கறுத்து, கட்டைவிரல் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. ரேஷன் கடை மிஷினில் கை வைத்தால் மூன்று நாலு தடவை வைத்த பிறகுதான் ஏற்றுக்கொள்ளும்.

இந்தக் குடும்பம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இவளுடைய மாமனார் ஒன்றரை காணி முந்திரியைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அன்று காலை நான் தபால் எடுக்கப் போனபோது ரோடே இல்லை. முந்திரியும் பலாவும் வேரோடு புரண்டு கிடந்தன. முந்திரிக் கன்றை நட்டால் ஒழுங்காகக் காய்க்கப் பல வருஷம் ஆகும். குத்தகைக்காரருக்கு அவ்வளவு நாள் யார் பொறுப்பார்கள்? அன்றைக்குக் கூலிக்குப் போனவர்கள்தான், இன்னும் கூலிதான்.

எங்கள் பக்கத்தில் மாசி பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் வேலை இருக்கும். முதலில் முந்திரி, அப்புறம் பலா. ஐப்பசி கார்த்திகை வந்தால் மழை. தோப்பில் வேலை இல்லை, கொட்டை காயாது, உடைப்பும் குறைந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் தண்டல் வாங்குவார்கள். 5,000 என்று எழுதிக்கொண்டு 4,250ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 50 ரூபாய், 100 நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள் வரும். வேலை இல்லாத நாளிலும் வரும்.

அது போதாமல் இன்னொன்று. கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஐப்பசியிலேயே வந்து அட்வான்ஸ் கொடுப்பார். கையில் காசில்லாத நேரம் பார்த்துக் கொடுக்கிற பணம் அது. வாங்கிவிட்டால் கூலி எவ்வளவு என்று கேட்க முடியாது, எந்த ஊர் என்றும் கேட்க முடியாது. 2022இல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் 20,000 வாங்கிக்கொண்டு போனார்கள். மகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, எட்டாவது படித்த பையனைக் கூட அழைத்துப் போனார்கள். அவன் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் உரிமைத் தொகை தொடங்கியது. காஞ்சிபுரத்தில் தொடக்க விழா. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் இவளும் ஒருத்தி. ஐந்தாவது வரை படித்தவள். பையனுடைய பழைய நோட்டில் எழுதாமல் மிச்சம் இருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து அதில் செலவு எழுதினாள். "யாராவது வந்து கேட்டா காட்டணும் இல்ல மாமா" என்றாள். யாரும் வந்து கேட்கவில்லை, அவளும் எழுதுவதை நிறுத்தவில்லை. முதல் பக்கத்தை அப்படியே தருகிறேன்: "கடை பாக்கி 640. பையன் சட்டை துணி தையல் 280. முட்டை 80."

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாவது வரைக்கும் அரசாங்கமே சீருடை கொடுக்கிறது. ஒன்பதாவதில் நாமே தைக்க வேண்டும். பையன் ஜூன் மாதத்திலிருந்து போன வருஷத்துச் சட்டையையே போட்டுக்கொண்டிருந்தான். கக்கத்தில் கிழிந்ததால் கையைத் தூக்க வெட்கப்பட்டு, வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டானாம். அவன் வாத்தியார் என்னிடம் சொன்னது இது. 280 ரூபாய்!

அடுத்தடுத்த பக்கங்களில் ஆயாவுக்கு மாத்திரை, மகளுக்குச் செருப்பு, பருப்பு, சிலிண்டருக்குப் பாதி, கோயில் கூழுக்கு 50. கூழுக்குக் கொடுத்ததை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஊரில் எல்லாரும் கொடுக்கிற ஐம்பது ரூபாயை நாமும் கொடுக்கலாமா என்று ஒருத்தி இவ்வளவு யோசித்திருக்கிறாள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உழைப்பை விட்டார்களா? 1,000த்தை முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். அதை நம்பி யாரால் காலை நீட்டிப் படுக்க முடியும்? அவள் உடைப்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த வருஷம் ஐப்பசியில் மேஸ்திரி வந்தபோது அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "மாசம் பதினஞ்சாம் தேதி ஆயிரம் வரும்னு கடைக்காரருக்கே தெரியும் மாமா. அவரு சாமான் கொடுத்துடுறாரு. அப்புறம் எதுக்கு அந்த இருபதாயிரம்?" என்றாள். தை மாதம் புருஷன் மட்டும் அட்வான்ஸ் இல்லாமல், கூலி பேசிக்கொண்டு, கரும்பு வெட்டப் போனான். பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

உங்கள் தோப்புக்குக் களையெடுக்க ஆள் வராததற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. முன்பு 'என்ன கொடுத்தாலும் சரி' என்று வந்தவள் இன்று 'எவ்வளவு?' என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு வருகிறாளா இல்லையா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் அய்யா. எங்கள் ஊரில் வருகிறார்கள்.

குடி விஷயம். அவள் புருஷன் குடிக்கிறவன்தான். சனிக்கிழமை கூலி வாங்கினால் பாதி போய்விடும். 2023க்கு முன்னாலும் போனது, இப்போதும் போகிறது. அது அவன் கூலி. இந்த ஆயிரம் அவள் கணக்கில் விழுகிறது, அவள் விரலை வைத்தால்தான் வருகிறது. ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்தால் குடிக்கும் புகைக்கும் போகிறதா என்று பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் திரட்டிப் பார்த்தார்கள். அந்தச் செலவு கூடவில்லை, சில இடங்களில் குறைந்தும் இருக்கிறது என்றுதான் முடிவு வந்தது. எனக்கு அந்த நோட்டே போதும்.

2024 தையில் அவளும் தெருவில் பதினோரு பேரும் சேர்ந்து மாதம் 500 போட்டுக் குலுக்கல் சீட்டு ஆரம்பித்தார்கள். சீட்டு நாள் எது தெரியுமா? 16ஆம் தேதி. ஐந்தாவது மாதம் இவள் பெயர் விழுந்து 6,000 கைக்கு வந்தது. 5,500க்குச் சினையாக இருந்த ஒரு வெள்ளாட்டைப் பிடித்து வந்தாள். மீதிக்குக் கொட்டகைக்குக் கீற்று. இரண்டு குட்டி போட்டது. ஒன்று அந்த வருஷக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் விறைத்துச் செத்துவிட்டது. இராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துச் சாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். இன்னொன்று கிடா. 2025 ஆடியில் 7,500க்குப் போனது. அந்தப் பணத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போவதற்கான துணிமணி, புத்தகம், முதல் மாத பஸ் செலவு எல்லாம். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கும் மாதம் 1,000 வருகிறது. பின்னால் கொட்டகையில் தனி அடுப்பு வைத்திருக்கிற ஆயாவுக்கு முதியோர் பணம் 1,200.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். குழுக்கடன் இன்னும் ஓடுகிறது. போன மாதம் பையனுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததில் மறுபடி கைமாற்று வாங்கியிருக்கிறாள். கூரையும் அதே கூரைதான். ஆனால் ஆறு மணிக்கு அந்த மோட்டார் சைக்கிள் அவள் வாசலுக்கு வருவது நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

கேள்வி: உரிமைத் தொகை மூன்று மாதமாக வரவில்லை. வங்கியில் கேட்டால் 'எங்களுக்கு வரவில்லை' என்கிறார்கள். தாலுகா ஆபீசில் 'அனுப்பியாச்சு' என்கிறார்கள். எங்கே போய்ச் சேருகிறது?
(நெல்லிக்குப்பம் வாசகி)

உங்களுக்கு இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருக்கிறதா அம்மா? ஆதார் வழியாக வருகிற பணம், ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தீர்களோ அதில்தான் விழும். குழுக்கடன் வாங்கும்போது புதிதாகக் கணக்குத் திறந்து ஆதார் கொடுத்திருப்பீர்கள். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பதிவு போட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் இரண்டு பேருக்குப் பணம் அப்படித்தான் கிடைத்தது. இல்லையென்றால் ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் தவணை வந்தபோதே எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு 1,000 விழுந்த அன்று 'குறைந்தபட்ச இருப்பு இல்லை' என்று ஒரு வங்கி 650ஐப் பிடித்துக்கொண்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஜன்தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. அதற்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணமா, அரிசியா? எது நல்லது? எங்கள் பக்கம் இரண்டையும் பார்த்துவிட்டோம்.
(புதுச்சேரி பாகூரிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி)

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது. 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் அரிசிக்குப் பதில் பணம் என்று மாற்றிப் பார்த்த இடங்களில் சண்டிகரும் புதுச்சேரியும் உண்டு. ஒரு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்ற கணக்கைப் பணமாக்கி வங்கியில் போட்டார்கள். 2024 தீபாவளியை ஒட்டித்தான் புதுச்சேரியில் ரேஷன் கடைகளைத் திரும்பத் திறந்து இலவச அரிசி கொடுத்தார்கள்.

நான் எல்லை ஊர்களில் இரண்டு பக்கத்து ஆட்களோடும் பழகியவன். கடலூர்ப் பக்கம் இருக்கிறவர் அரிசியைச் சுமந்துகொண்டு வருவார், புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர் செல்போனில் மெசேஜ் பார்ப்பார். பணம் வந்தவர் வீட்டில் என்ன கேட்பேன் தெரியுமா? 'இந்த மாதம் அரிசி விலை என்ன?' அரிசி விலை ஏறும்போது 5 கிலோ அரிசி 5 கிலோவாகவே இருக்கும். வங்கியில் விழும் தொகை அப்படி இருக்காது. விலை ஏறின மாதம் பார்த்து யாரும் தொகையை ஏற்ற மாட்டார்கள். வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பணத்தை எடுக்க பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அன்றைக்கு சர்வர் வேலை செய்ய வேண்டும். தெருமுனையில் கடை இருந்தால் மூட்டையைப் பேரன் தூக்கி வந்துவிடுவான்.

அதனால் என் கருத்து இது: பசி ஆற்றுகிற அரிசியை அரிசியாகவே கொடுக்க வேண்டும். சட்டைக்கும் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் சீட்டுக்கும் பணம் வேண்டும். அரிசியை நிறுத்திவிட்டுக் கொடுக்கிற பணம் வேறு, அரிசிக்கு மேல் கொடுக்கிற பணம் வேறு. நான் மேலே சொன்ன மருமகள் வீட்டில் ஆயிரத்தால் இவ்வளவு நடந்ததற்குக் காரணமே ரேஷன் அரிசி இலவசமாக வந்துகொண்டிருந்ததுதான். அரிசியும் அந்த ஆயிரத்தில் வாங்க வேண்டும் என்றிருந்தால் சீட்டும் இல்லை, ஆடும் இல்லை.

புயல் வெள்ள நிவாரணம் வேறு விஷயம். ஃபெஞ்சலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு 2,000 என்றது, புதுச்சேரி எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 என்றது. தென்பெண்ணை வெள்ளம் எல்லைக்கல்லைப் பார்த்து வரவில்லையே என்று எங்கள் பக்கத்தில் ஆதங்கப்பட்டார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது. பாயும் அடுப்பும் அடித்துக்கொண்டு போன வீட்டுக்கு உடனே கையில் காசு வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அரிசி மூட்டையை நனையாமல் வைக்க இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: மனைவி கணக்கில் ஆயிரம் வருகிறது. என்னிடம் கேட்காமலே செலவு செய்கிறாள். கேட்டால் 'இது என் பணம்' என்கிறாள். குடும்பத் தலைவன் நான்தானே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், குறிஞ்சிப்பாடி)

தம்பி, அது அவள் பணம்தான். 'உரிமைத் தொகை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்ததிலிருந்து இராத்திரி பாத்திரம் கழுவியது வரைக்கும் இத்தனை வருஷம் அவளுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? உங்கள் கூலியில் நீங்கள் டீ குடிக்கும்போது அவளைக் கேட்டுக்கொண்டா குடிக்கிறீர்கள்? இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், "என்ன வாங்கினே?" என்று அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். அவளே சொல்வாள்.

கேள்வி: வெளிநாட்டில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் அமைப்புகள் இருப்பதாகப் படித்தேன். அங்கே என்ன நடந்தது? நம் ஊருக்கு அது பொருந்துமா?
(அண்ணாமலை நகரிலிருந்து பொருளாதாரம் படிக்கும் மாணவர்)

நல்ல கேள்வி. என் பேரன் உதவியோடு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு, ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் செல்போன் வழியாகப் பணம் அனுப்புகிறது. அங்கே எம்-பெசா என்ற செல்போன் பணம் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகிறது. 2011 முதல் 2013 வரை மேற்குக் கென்யாவின் ரரியேடா பகுதியில் ஆய்வு செய்தார்கள். பணம் வந்த வீடுகளில் சாப்பாடு கூடியது, ஆடு மாடு கூடியது, பல பேர் புல் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். குடிச் செலவு கூடவில்லை. கூரைக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. கீற்றை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டிய வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஒரே தடவை கொஞ்சம் பெரிய தொகை கிடைத்தால் முதலில் கை வைப்பது கூரையில்தான்.

அப்புறம் 653 கிராமங்களில், 10,500 குடும்பங்களுக்கு மேல், வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2022இல் வெளியாயின. பணம் வாங்காத அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் வருமானம் கூடியிருந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றி இரண்டரை டாலர் அளவுக்கு வேலை செய்தது என்று கணக்கிட்டார்கள். விலைவாசி ஏறியது மிகமிகக் குறைவு. இதை எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர், "15ஆம் தேதிக்கு அப்புறம் நாலு நாள் எனக்கும் தீபாவளிதான்" என்றார். அதே கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2025இல் வந்த ஆய்வுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பணம் கிடைத்த வீடுகளில் ஒரு வயதுக்குள் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி கடைசி மாதங்களில் காட்டு வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்க முடிந்தது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. நம்மிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இலிருந்து இருக்கிற மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் இதே நோக்கம்தான். இன்று ரொக்கமும் சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். தவணை தாமதமாகி, குழந்தைக்கு மொட்டை போட்ட பிறகு பணம் வந்தால் அந்த நோக்கம் என்ன ஆகும்?

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெஃப் உதவியோடு எட்டு கிராமங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் 200, பிறகு 300 ரூபாய், குழந்தைகளுக்கு அதில் பாதி என்று மாதாமாதம் கொடுத்துப் பார்த்தது. சாப்பாடு தேறியது, பள்ளிக்கூட வருகை கூடியது, கால்நடை கூடியது.

கென்யாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சில கிராமங்களுக்கு மாதம் 22.50 டாலர், 12 வருஷத்துக்கு என்று வாக்குக் கொடுத்தார்கள். சில கிராமங்களுக்கு இரண்டு வருஷம் மட்டும். சில கிராமங்களுக்கு மொத்தமாக ஒரே தடவை. முதல் இரண்டு வருஷத்துக் கணக்கைப் பார்த்தால், தொழில் தொடங்குவதில் 12 வருஷ வாக்குப் பெற்றவர்களும் மொத்தத் தொகை பெற்றவர்களும் இரண்டு வருஷக்காரர்களைவிட முன்னால் இருந்தார்கள். 12 வருஷக்காரர்கள் எப்படிச் செய்தார்கள்? தங்களுக்குள் சீட்டுப் போட்டு, சிறு தொகையைப் பெருந்தொகை ஆக்கிக்கொண்டார்கள். எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிற அந்தப் பெண்களுக்கும் எங்கள் மருமகளுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது பாருங்கள். நாளைக்கும் வரும், அடுத்த வருஷமும் வரும் என்று நம்பினால்தான் சீட்டில் பெயர் கொடுக்க முடியும். அதனால் எந்தக் கட்சி ஆண்டாலும் தேதி மாறக்கூடாது என்று நான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயரோ, எனக்குத் தெரிந்த பெயர் 15ஆம் தேதி.

கேள்வி: பணத்தை வங்கியில் போடுவதைவிட, உங்களைப் போல வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தது நன்றாக இருந்ததே?
(திருவந்திபுரம் வாசகர்)

வயதானவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவி 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் ஆயிரம் ஆனது, 2023இல் 1,200. என் காலத்தில் பெரும்பாலும் மணியார்டர்தான். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் ஆயாக்கள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். கைநாட்டு வாங்கி, எண்ணி, உள்ளங்கையில் வைப்பேன். சிலர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சிலர் எனக்கு மோர் கொடுப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்து லைனில் கொடுத்தவர் ஒரு ஆளுக்கு 20 ரூபாய் எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார். எடுக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று ஆயாக்களுக்குப் பயம். எனக்கு அது தெரியும். கூட வேலை செய்கிறவர் என்று நான் வாயைத் திறக்கவில்லை. கண் தெரியாத ஒரு ஆயா என்னிடமே ஒரு நாள் கேட்டாள்: "ஏம்பா, கவர்மெண்ட்டுல குறைச்சிட்டாங்களா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆயா இப்போது இல்லை. வங்கியில் நேராக விழுவதில் எத்தனை குறை இருந்தாலும், நடுவில் ஒரு கை இல்லை. அதனால் இந்த ஏற்பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வங்கிக்குப் போக முடியாதவர்களுக்குக் கைரேகை மிஷினோடு ஆள் வீட்டுக்கு வர வேண்டும். அவர் கொடுத்த தொகையை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். எங்களைவிட வசதியானவர்களுக்கு வருகிறது.
(வடலூர் வாசகி)

கோபம் புரிகிறது அம்மா. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவைதான் முக்கியமான வரம்புகள். நீங்கள் இவற்றுக்குள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். தள்ளுபடி என்று தகவல் வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். என்ன காரணம் என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் யூனிட் கூடிப் போயிருக்கும், அதை விளக்கி எழுதுங்கள்.

கேள்வி: அய்யா, நான் கல்லூரி முதலாமாண்டு. எனக்குப் புதுமைப்பெண் பணம் 1,000 வருகிறது. அம்மா முழுதும் வீட்டுக்குக் கொடு என்கிறார்கள். 200 ரூபாய் நான் வைத்துக்கொண்டால் தப்பா?
(காட்டுமன்னார்கோவிலிலிருந்து ஒரு மாணவி)

தப்பே இல்லை பாப்பா. அந்தப் பணம் உன் பெயரில் உன் படிப்புக்காக வருகிறது. டவுன் பஸ்ஸில் உனக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், மத்தியானம் தோழிகள் டீ குடிக்கப் போனால் நீ மட்டும் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, மாதாமாதம் நாப்கினுக்கு அம்மாவிடம் கை நீட்டக் கூடாது. 200 போதாது, 300 வைத்துக்கொள். மீதியை அம்மா கையில் கொடுத்து, "இது என் பங்கு" என்று சொல்லிக் கொடு. அம்மாவும் கெட்டவள் இல்லை, கடைக்காரருக்குச் சொன்ன தேதி அவளுக்கும் இருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் கேள்வியில் இருக்கிற அந்த நோட்டுப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. அப்புறம் நீயும் ஒரு நோட்டுப் போடு. அடுத்த மாதம் என்ன எழுதினாய் என்று எனக்கு ஒரு கார்டு போடு.